நாலாம் மேசையின் இடப்பக்கம்

எங்கள் தேவாலயப் பங்கின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை மூன்று பக்கத்துக்குள் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தாதியாக இருந்தவர் எழுதினார். டாக்சி ஓடியவர் எழுதினார், அவருடையது பதினொரு பக்கம். என்னிடம் வந்த மலர்க்குழுச் செயலாளர், "அண்ணை, நீங்க என்ன வேலை செய்தனீங்கள் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்றார். பல வருடமாக ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருந்து பூசை காண்கிற மனிதர். என் மனைவியிடம் யாராவது கேட்டால் "அவர் பெட்டி அடுக்கிறவர்" என்பாள். கேட்டவர்கள் நான் ஏதோ களஞ்சியசாலையில் வேலை பார்த்ததாக நினைத்து, பாரம் தூக்கும்போது முதுகை நேராக வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மனைவி சொன்னதில் பொய் இல்லை. நான் கணினித் திரையில் பெட்டி அடுக்கினேன். ஓய்வு பெறும் நாள்வரை அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

லொங்கேய் மெட்ரோவுக்குக் கிட்ட எங்கள் அலுவலகம் இருந்தது. மொன்றியலிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள அடுக்குமாடிகளின் லிஃப்ட்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்தினால், எங்கள் மேசைகளில் ஒன்றில் மணி அடிக்கும். ஆறு மேசை, ஆறு ஒப்பரேட்டர். அவர்கள் மாட்டிக்கொண்டவரோடு கதைப்பார்கள், திருத்துநரை அனுப்புவார்கள், அவர் போய்ச் சேரும்வரை கதைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவர் திரையிலும் நாலு பெட்டி திறந்திருக்கும்: வருகிற அழைப்புகளின் பட்டியல், கட்டட விபரம், வரைபடம், திருத்துநர்களுடன் செய்திப் பரிமாற்றம். சாளரம் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள், விண்டோ என்று கடையில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் பெட்டி என்றே பழகிவிட்டது, இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு மாலை வகுப்பில் கணினி படித்தேன். பிறகு அச்சு இயந்திரங்கள் திருத்தினேன். இந்த மூன்று வாக்கியத்துக்குள் ஒன்பது வருடம் இருக்கிறது. அதில் சொல்லத்தக்கதாக எதுவும் நடக்கவில்லை.

நான் சேர்ந்தபோது திரைகள் எல்லோர் வீட்டுக் கணினியையும்போல இருந்தன. ஒரு பெட்டிக்கு மேல் இன்னொன்று கிடக்கும். ஒருநாள் புரோசார்ட்டில் ஓர் அம்மா லிஃப்ட்டுக்குள் நின்றார். அந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் என்று சொல்லுகிற பெட்டி வரைபடத்துக்குக் கீழே போய்விட்டது. ஜான்-மார்க் என்ற ஒப்பரேட்டர் அதைத் தேடிப் பிடிக்க நாலு நிமிடம் எடுத்தார். அந்த நாலு நிமிடமும் அந்த அம்மாவுக்குக் காலநிலை சொன்னார். லிஃப்ட்டுக்குள் காலநிலை இல்லை என்று அந்த அம்மா பிறகு கடிதம் போட்டிருந்தார்.

அன்று பின்னேரம் எங்கள் மேற்பார்வையாளர் மதாம் கிளோடெட் என் மேசைக்கு வந்தார். அலுவலகத்தில் கதை எல்லாம் பிரெஞ்சில்தான், நான் தமிழில் தருகிறேன்.

"முசியே அருள், ஒரு பெட்டி ஏன் இன்னொரு பெட்டிக்கு மேலே ஏறவேண்டும்?"

நான் தொழில்நுட்ப விளக்கம் ஒன்று கொடுத்தேன். நன்றாகத்தான் கொடுத்தேன், ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்டார்.

அடுத்த மாதம் டைலிங் விண்டோ மனேஜர் என்கிற வகை மென்பொருளுக்கு மாறினோம். அதில் எந்தப் பெட்டியும் எதையும் மறைக்காது. பூசைக்குப் பிந்தி வருகிறவருக்கு வாங்கில் இருக்கிற எல்லாரும் கொஞ்சம் அரக்கி இடம் விடுவதுபோல, புதுப் பெட்டி ஒன்று திறந்தால் மற்றவை சுருங்கி இடம் கொடுக்கும். திரை எப்போதும் நிறைந்திருக்கும். எது எங்கே, எவ்வளவு அகலம், எந்த விசையை அழுத்தினால் எது பெரிதாகும் என்பதெல்லாம் ஓர் எழுத்துக் கோப்பில் வரி வரியாக இருக்கும். அந்தக் கோப்பை எழுதுவதும், திருத்துவதும், திருத்தியதால் கெட்டுப்போனதைத் திரும்பத் திருத்துவதும் என் உத்தியோகம்.

பொது அமைப்பு இப்படி இருந்தது. திரையின் இடது மூன்றில் ஒரு பங்கில் அழைப்புப் பட்டியல். நடுவில் கட்டட விபரம். வலது பக்கத்தில் மேலே வரைபடம், கீழே திருத்துநர்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் இடமிருந்து வலம் வாசிக்கிற மொழிகள், ஆகவே புது விடயம் இடப்பக்கம் வரவேண்டும் என்பது மதாமின் முடிவு. தமிழும் அப்படித்தான் என்றேன். "நல்லது" என்று அதையும் குறித்துக்கொண்டார்.

மதாம் கிளோடெட் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மெலிந்த மனுஷி. பென்சிலால்தான் எழுதுவார். யாரையும் புகழ்ந்தோ ஏசியோ நான் கேட்டதில்லை. திரையில் ஒரு கோடு அசைவதானாலும் மாற்றப் படிவம் ஒன்று நிரப்பவேண்டும். அதில் ஐந்து கேள்வி. என்ன மாற்றம்? ஏன்? யார் கேட்டது? யார் கதிரையில் இருந்து பார்த்தது? இதனால் யாருக்குக் கஷ்டம்? ஐந்தாவது கேள்விக்கு "ஒருவருக்கும் இல்லை" என்று எழுதினால் படிவம் திரும்பி வரும். கஷ்டமில்லாத மாற்றம் இல்லை, நீ இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

நாலாவது கேள்விக்கு ஒரு சடங்கு இருந்தது. யாருடைய திரையை மாற்றுகிறோமோ அவருடைய கதிரையில் பத்து நிமிடம் இருக்கவேண்டும். கதிரையின் உயரத்தை மாற்றக்கூடாது. காதில் ஹெட்செட் போட்டிருக்கவேண்டும். நான் ஆறடி. நாலாம் மேசை மெற்றில்டா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவருடைய கதிரையில் இருந்தால் என் முழங்கால் நெஞ்சுக்கு வரும். மதாம் கையில் மணிக்கூட்டோடு நிற்பார். ஒன்பது நிமிடத்தில் எழும்பினால் முதலில் இருந்து தொடங்கவேண்டும்.

ஜான்-மார்க் ஒருமுறை, ஹொக்கி விளையாட்டின் புள்ளிகள் தெரிய மூலையில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று படிவம் நிரப்பினார். "ஏன்?" என்ற இடத்தில், மொன்றியல் வென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் லிஃப்ட்டில் ஏறுவார்கள், நாங்கள் தயாராக இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். மதாம் அதை முழு நிமிடம் யோசித்தார். பிறகு "தோற்றாலும் வீட்டுக்குப் போவார்கள்தானே" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது மெற்றில்டாவின் விடயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று அவரிடம் முதலிலேயே கேட்டேன். "எழுதுங்கோ அண்ணை. ஆனா நான் அழுதனான் எண்டு எழுதிப்போடாதேங்கோ. நான் அழேல்லை" என்றார். எனவே அவர் அழவில்லை.

மெற்றில்டா மன்னார்ப் பக்கம். அஹுன்ட்சிக்கில் வீடு. அவருடைய கணவர் முதுகு நோவால் வேலையை விட்டு வீட்டில் இருந்தார், இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரில் ஆகத் திறமான ஒப்பரேட்டர் அவர்தான். லிஃப்ட்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவரிடம், கையில் பை இருக்கிறதா, பைக்குள் என்ன, இன்றைக்கு என்ன சமையல் என்று விசாரிப்பார். கதவு திறக்கிற நேரம் உள்ளே இருக்கிறவர் சூப்புக்கு என்ன போடுகிறார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருமுறை திருத்துநரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னவரும் உண்டு.

ஒரு வருடம் அவர் மூன்று கிழமை லீவு எடுத்தார். ரொறொன்ரோவில் கலியாணம் என்றார். திரும்பி வந்த நாள் மத்தியானம், சாப்பாட்டு அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து என் முன்னால் வந்து இருந்தார்.

"அருள் அண்ணை, ஒரு உதவி. ஆருக்கும் சொல்லக்கூடாது."

"சொல்லும்."

"எனக்கு இடப்பக்கம் தெரியேல்லை."

"எந்தக் கண்?"

"ரெண்டு கண்ணிலயும். உங்கட மூக்கைப் பாத்தனெண்டா உங்கட வலது காது இல்லை."

என் கை தானாக வலது காதைத் தொட்டுப் பார்த்தது. அது இருந்தது.

சின்ன ஸ்ட்ரோக் என்றார். கை, கால், பேச்சு எல்லாம் தப்பிவிட்டது. பார்வையில் மட்டும் இடது பாதி போய்விட்டது. டொக்டர் வாகனம் ஓடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கதைக்க, வேலை செய்யத் தடையில்லை, ஆனால் திரையில் இடப்பக்கம் ஏதாவது வந்தால் தலையைத் திருப்பித் தேடினால்தான் தெரியும்.

"மதாமிட்டச் சொல்லும்" என்றேன்.

"என்னத்துக்கு? வேலையால நிப்பாட்டிப் போடுவா. இவரும் வீட்டில. பிள்ளையளின்ர படிப்புக்கு ஆர் பாக்கிறது?"

"அவ அப்பிடியான ஆள் மாதிரித் தெரியேல்லை."

"உங்களுக்கென்ன, வாயால சொல்லிப்போட்டுப் போவியள். பேந்து கோயில் ஆக்களுக்கும் தெரிய வரும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய வரிசையில வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு, 'எப்பிடிப் பிள்ளை இருக்கிறீர்' எண்டு கேப்பினம். அதுக்கு ஸ்ட்ரோக்கே பரவாயில்லை."

மலரை வாசிக்கிறவர்கள் மன்னிக்கவேண்டும். இது அவர் சொன்னது. நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

எனக்கு அந்த நேரம் மதாமின் முகத்தைவிட எங்கள் ஆட்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. நோயை மூடி வைப்பது எங்களுக்குப் பழக்கம். ஊரிலிருந்து எதைக் கொண்டுவந்தோமோ இல்லையோ, அதை ஒன்றும் குறையாமல் கொண்டுவந்திருக்கிறோம். ஆகவே நான் சரி என்றேன்.

நாலாம் மேசைக்கு மட்டும் ஒரு தனிக் கோப்பு எழுதினேன். பொதுக் கோப்பு எல்லாருக்கும் ஓடும். அதற்கு மேல் மெற்றில்டாவின் பெயரில் இந்தச் சின்னக் கோப்பு ஓடும். திரையின் இடது மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டேன், வெறும் கறுப்பு. அழைப்புப் பட்டியலை நடுவுக்குக் கொண்டுவந்தேன். மற்ற மூன்றும் வலப்பக்கம் போயின. இடம் போதாததால் வரைபடத்தையும் திருத்துநர்களையும் ஒன்றின் பின் ஒன்றாக வைத்து, ஒரு விசையில் மாறும்படி செய்தேன். பெட்டிகளின் ஓரக் கோடுகளை மெல்லிசாக்கி, எழுத்தை ஒரு புள்ளி பெருப்பித்தேன். மெற்றில்டா வந்து இருந்து, கண்ணை ஒருதரம் ஓட்டிப் பார்த்து, "எல்லாம் இருக்குது அண்ணை" என்றார். எனக்கு அன்று நெஞ்சு நிறைந்த பெருமை. பிள்ளைகள் பட்டம் வாங்கிய அன்றுகூட அவ்வளவு இல்லை.

மதாம் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

"நாலாம் மேசையில் ஏன் இடப்பக்கம் காலி?"

"கழுத்து நோ, மதாம். அவரால் இடப்பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை."

"படிவம்?"

நிரப்பிக் கொடுத்தேன். என்ன மாற்றம்: இடது பங்கு வெறுமை. ஏன்: கழுத்து. யார் கேட்டது: மெற்றில்டா. கீழே என் கையெழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மாற்றப் படிவத்தில் மறைக்கலாம், மூன்று வருடம் ஒருவரும் கிண்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வருடம் புது வசதி ஒன்று வந்தது. காது கேளாதவர்கள், பேச முடியாதவர்கள் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள்? புதிய லிஃப்ட்டுகளில் சின்னத் திரையும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தானும் வைக்கத் தொடங்கினார்கள். உள்ளே இருக்கிறவர் அழுத்துவது எங்கள் திரையில் எழுத்தாக வரும், நாங்கள் எழுத்தில் கேள்வி கேட்கலாம். மாட்டிக்கொண்டவர் பேசமாட்டார் என்பதால் ஹெட்செட்டில் குரல் எதுவும் வராது. ஒப்பரேட்டர் வேறு அழைப்பில் இல்லையென்றால் ஒரு மெல்லிய சத்தம் மட்டும் வரும்.

இந்தப் பெட்டி மட்டும் மற்றவற்றோடு நெருங்கி இருக்காமல், எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கவேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் மென்பொருளில் அதற்கு வழி உண்டு. மிதக்கும் பெட்டிக்கு இடத்தை நாங்களே சொல்லிக் கொடுக்கவேண்டும். நான் பொதுக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன்: இந்தப் பெட்டி மிதக்கட்டும், இடது மேல் மூலையில் நிற்கட்டும். எல்லாரும் முதலில் பார்க்கிற இடம் அதுதானே.

மதாம் படிவத்தை வாசித்தார். பழைய படிவங்களையும் எடுத்து வைத்திருந்தார். பென்சிலால் ஓரிடத்தைத் தட்டினார்.

"நாலாம் மேசை. கழுத்து. இடது மேல் மூலை அவருக்குச் சரிவருமா?"

"கழுத்து இப்போது பரவாயில்லை, மதாம்" என்றேன்.

அவர் கேட்டார். நான் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கணம் எனக்குக் கழுத்துத்தான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் படிவத்தில் கிடந்த பொய்யை அதை எழுதியவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

சடங்குப்படி ஆறு கதிரையிலும் பத்துப் பத்து நிமிடம் இருந்தேன். நாலாம் மேசையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து, பரிசோதனைச் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். மற்ற மேசைகளில் அந்தப் பெட்டி பட்டியலின் மேல் வந்து விழுந்தது. இங்கே வெறும் கறுப்பின் நடுவில் பளிச்சென்று நின்றது. ஆறு மேசையிலும் நாலாம் மேசையில்தான் ஆக நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு சரி போட்டேன். ஐந்தாவது கேள்வி, யாருக்குக் கஷ்டம்? "ஜான்-மார்க்குக்கு. அவருக்குப் புதிது எதுவும் பிடிக்காது" என்று எழுதினேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பகல் உறைமழை பெய்தது. மழை விழுந்த இடத்திலேயே ஐஸாகிக் கம்பிகளில் தொங்கும். மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஆறு மேசையிலும் மணி ஓயவில்லை. மெற்றில்டா அன்று ஒரே நேரத்தில் மூன்று கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும். அவர் குழந்தைகளோடு பாடிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

மின்சாரம் சீராக வந்து எல்லாம் அடங்கிய பிறகு, அஹுன்ட்சிக்கில் ஒரு கட்டடத்தின் பராமரிப்பாளர் தொலைபேசி எடுத்தார். லிஃப்ட் தானாகக் கீழே வந்து கதவு திறந்ததாம். உள்ளே காது கேளாத, பேச முடியாத முதியவர் ஒருவர் தரையில் இருந்தாராம். ஐம்பத்திரண்டு நிமிடம். ஆளுக்கு ஒன்றும் இல்லை, நடுங்குகிறார், அவ்வளவுதான் என்றார் பராமரிப்பாளர்.

மதாம் கணினிப் பதிவை அச்சடித்து எடுத்தார். இயந்திரம் தானாகக் கேட்ட முதல் கேள்வி: உள்ளே யாராவது இருக்கிறீர்களா? ஆம். பிறகு எங்கள் பக்கத்தில் இருந்து எதுவும் இல்லை. ஆம். ஆம். ஐம்பத்திரண்டு நிமிடத்தில் அந்த மனிதர் பத்தொன்பது தடவை 'ஆம்' அழுத்தியிருந்தார். கடைசியாக ஒரு 'இல்லை'. அழைப்பு போய்ச் சேர்ந்த இடம் நாலாம் மேசை. அந்த மேசையில் மிதக்கும் பெட்டி திறந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாளில் விசாரணைக் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஐம்பத்திரண்டு நிமிடம் திரையைப் பார்க்காத ஒப்பரேட்டரை வேலையில் வைத்திருப்பார்களா என்று அலுவலகம் முழுக்கக் கதை. மெற்றில்டாவின் நெடுங்கால வேலை அந்தத் தாளில் தொங்கியது. பிழை யாருடையது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவருடைய கண் வெளியில் வரும், சொல்லாவிட்டால் அவருடைய வேலை போகும்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன்.

"நான் எழுதின வரியில பிழை, பெட்டி திரைக்கு வரவேயில்லை எண்டு சொல்லுறன். அதோட முடிஞ்சுது."

"வந்தது எண்டு பதிவில இருக்குமே."

"பதிவும் பிழை எண்டு சொல்லுறன்."

"அண்ணை, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. கழுத்து எண்டு சொன்னியள், நான் மூண்டு வருஷமா மதாமைக் காணேக்க எல்லாம் கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு திரியிறன்."

"அப்ப என்ன செய்வம்?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "அந்த மனுசன் பத்தொன்பது தரம் அழுத்தியிருக்குது. நான் பக்கத்தில இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு இருந்திருக்கிறன்" என்றார்.

கூட்டத்தில் மதாமும் மெற்றில்டாவும் நானும், நிர்வாகத்தில் இருந்து ஒருவரும் இருந்தோம். மதாம் முதலில் அந்த முதியவரின் கடிதத்தை வாசித்தார். அவர் நட்டஈடு கேட்கவில்லை, ஏசவில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்வி: நான் அழுத்தியது யாருக்காவது தெரிந்ததா?

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் மெற்றில்டா கதைக்கத் தொடங்கிவிட்டார். லிஃப்ட்டுக்குள் இருப்பவர்களோடு கதைக்கிற அதே பதமான பிரெஞ்சு.

"எனக்குத் தெரியவில்லை. எனக்கு இடப்பக்கம் பார்வை இல்லை. மூன்று வருடமாக."

நிர்வாகத்து மனிதர் தன் தாளைப் பார்த்தார். மதாம் பென்சிலை எடுத்தார்.

"ஒரு கண்ணிலா, இரண்டிலுமா?"

"இரண்டிலும்."

"நேரே பார்த்தால் எந்த இடத்தில் இருந்து தெரியாது? இந்தப் பென்சிலைப் பாருங்கள். என் மற்றக் கை தெரியும்போது சொல்லுங்கள்." அவர் தன் கையை மெல்ல நகர்த்தினார். மெற்றில்டா "இப்போது" என்றார். மதாம் அதைக் குறித்துக்கொண்டார். மேலே எப்படி, கீழே எப்படி என்று கேட்டு அதையும் குறித்தார். கதவுக்கு அளவெடுக்கிற தச்சர் மாதிரி இருந்தது. முகத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. மெற்றில்டா நிமிர்ந்து இருந்தார். இனி யாராவது கையைப் பிடிப்பார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது, ஒருவரும் பிடிக்கவில்லை.

பிறகு மதாம் பழைய படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"கழுத்து?"

"இல்லை, மதாம். கண். எனக்கு அப்போதே தெரியும்."

"புதுப் பெட்டிக்கு நாலாம் மேசைக் கதிரையில் இருந்து பார்த்தது யார்?"

"நான்."

"இதனால் யாருக்குக் கஷ்டம் என்ற கேள்விக்கு…" அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "ஜான்-மார்க்."

என் தொழில் வாழ்க்கையில் என் சொந்த எழுத்தை யாரோ சத்தமாக வாசிக்கக் கேட்டு நிலத்தைப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நிர்வாகத்து மனிதர் தொண்டையைச் செருமினார். இப்படிப்பட்ட நிலையில் இந்த அம்மையார் அழைப்பு எடுப்பது பாதுகாப்பா, யோசிக்க வேண்டுமல்லவா என்றார். மெற்றில்டாவின் கை மேசை விளிம்பைப் பிடித்ததைக் கண்டேன்.

"உண்மை" என்றார் மதாம். "திரை அவருக்குப் பொருந்தும்வரை அவர் அழைப்பு எடுக்கக்கூடாது. முசியே அருள், அந்தப் பெட்டியை வலப்பக்கம் மாற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பத்து நிமிடம்."

"அப்படியானால் பத்து நிமிடத்துக்கு அவர் அழைப்பு எடுக்கக்கூடாது."

நிர்வாகத்து மனிதர் அதையும் எழுதிக்கொண்டார்.

"மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால்" என்று மதாம் மெற்றில்டாவிடம் சொன்னார், "படிவத்தில் ஒரு சொல் வித்தியாசமாக இருந்திருக்கும். அந்த மனிதருக்கு ஒரு பதில் போயிருக்கும்." அதுதான் அன்று அவர் சொன்ன ஆகக் கடுமையான வார்த்தை. அதை அவர் மெற்றில்டாவைப் பார்த்துத் தொடங்கி என்னைப் பார்த்து முடித்தார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். என் உத்தியோக காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கடிதம் அது. பாராட்டுக் கடிதம் என்று ஒன்று அங்கே இருக்கவில்லை.

நான் போய் நாலாம் மேசைக் கோப்பில் ஒரு வரி எழுதினேன். எட்டு நிமிடம் எடுத்தது. வழக்கம்போல அந்தக் கதிரையில் இருக்கப் போனபோது மதாம் தடுத்தார். மெற்றில்டாவை இருக்கச் சொன்னார். பரிசோதனைச் செய்தியை நான் வேறு மேசையில் இருந்து, எப்போது என்று சொல்லாமல் அனுப்பவேண்டும். அனுப்பினேன். மெற்றில்டா உடனே "வந்துவிட்டது" என்றார். மதாம் படிவத்தின் நாலாவது கேள்வியைப் பென்சிலால் வெட்டிவிட்டு, பக்கத்தில் புதிதாக எழுதினார்: கதிரைக்குரியவர் கண்டாரா? அன்றிலிருந்து படிவம் அப்படித்தான் அச்சாயிற்று. முதியவருக்குப் பதில் கடிதம் மெற்றில்டாவே எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு வேலை முடிந்து இருவரும் மெட்ரோப் பக்கம் நடந்தோம். மூன்று வருடமாக அப்படித்தான், அவர் மெட்ரோவுக்கு, நான் புரோசார்ட் பஸ்ஸுக்கு. நடைபாதையில் ஐஸுக்கு மேல் சின்னக் கல் போட்டிருந்தார்கள். வேலை முடிந்த கூட்டம் எதிரே வந்தது. கொஞ்சத் தூரம் போனோம். பிறகு அவர் நின்றார்.

"அண்ணை, இஞ்சால வாங்கோ."

"எங்கை?"

"இந்தப் பக்கம். நீங்க எப்பவும் வலப்பக்கம்தான் வாறனீங்கள். இடப்பக்கத்தால வாற ஆக்கள் எனக்குத் தெரியிறதில்லை. மூண்டு வருஷமா எல்லாரோடையும் இடிபடுறன்."

"நீர் ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்க திரையைத்தானே கேட்டனீங்கள்" என்றார்.

நான் அவருக்குப் பின்னால் சுற்றிப் போய் இடப்பக்கம் வந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு வேகமாக நடக்கத் தொடங்கினார். அவர் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று எனக்குத் தெரியாது. மெட்ரோ வாசலில் எதிரே விரைந்து வந்த ஒருவர் என் தோளில் பலமாக இடித்து, "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.